கார் கழுவின பொடியன் விசயமாக



போன மாதம் வாப்பாவின் செலிகா காரைப் பற்றி நாங்கள் இதே இடத்தில் எழுதியது பலருக்கு ஞாபகமிருக்கும். எஞ்சினைக் கழுவக் கொடுத்தோம், கழுவினவர்கள் வயரிங்கை நாசமாக்கிவிட்டார்கள், கார் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார், அங்கே யாரும் வாகனம் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தோம். இடத்தின் பெயரைப் போடவில்லை. போடாமலே ஊருக்கு விளங்கிவிட்டது. எங்கள் பதிவுகளிலேயே அதிகமாகப் பகிரப்பட்டது அதுதான்.

அதில் எழுதியது பாதி. எழுதாமல் விட்ட பாதியை இப்போது எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்றால் காக்காவும் தம்பியுமாக இரண்டு பேர். மூத்தவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். இளையவருக்குக் கடை. இரண்டு பேருமே இந்த விசயத்தில் பங்காளிகள் என்பதால் இரண்டு பேர் பெயரிலும்தான் இது.

காரைத் தெரியாதவர்கள் மருதமுனையில் குறைவு. 1990ஆம் ஆண்டு செய்த டொயோட்டா செலிகா, எஸ்.டி. 182. சுவிட்சைப் போட்டால் ஹெட்லைட் இரண்டும் பொனட்டுக்குள்ளிருந்து எழும்பும், நிறுத்தினால் படுக்கும். எங்கள் சின்ன வயதில் தெருப் பிள்ளைகள் அதை ‘கண் முழிக்கிற கார்’ என்பார்கள். அந்த 1990இல்தான் கார்லோஸ் சைன்ஸ் என்ற ஸ்பெயின்காரர் செலிகாவில் உலக ரலி சம்பியன் ஆனார். அவர் ஓட்டியது நான்கு சில்லும் இழுக்கிற டர்போ வண்டி. வாப்பாவுடையது முன்சில்லு மட்டும் இழுக்கிற, டர்போ இல்லாத 2 லீற்றர் எஞ்சின். ஆனாலும் ஒரு காலத்தில் அந்தப் படம் எங்கள் கடைச் சுவரில் தொங்கியது. கைத்தறிச் சாரம் விற்கிறவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று உம்மா கேட்டபோது, பின்கதவைத் தூக்கி, சீற்றை மடித்து, சாரக் கட்டுகளை அடுக்கிக் காட்டினாராம். கொழும்புக்குப் பல தரம் அப்படித்தான் சரக்குப் போனது.

இப்போது வாப்பாவுக்கு முழங்கால் கிளச் மிதிக்க விடுவதில்லை. தங்கச்சியின் வீடு கொங்கிரீட் போடாமல் நிற்கிறது. விற்போம் என்று அவர்தான் சொன்னார். குருநாகலிலிருந்து ஒருவர் படம் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறேன் என்றார். அவர் பொனட்டைத் திறந்தால் முப்பது வருசத்து எண்ணெய்ச் சகதி தெரியுமே என்று எங்களுக்கு வெட்கம். வியாழன் பின்னேரம் எஞ்சின் கழுவக் கொண்டுபோனோம்.

கழுவியது ஒரு பொடியன். எங்களிடம் சாதாரண தரம் படித்தவன். பெயரைப் போட வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான், போடவில்லை.

முதல் பதிவில் நாங்கள் விட்டது இந்த இடம். மெஷினைப் போடுவதற்கு முன்னால் அவன் பொனட்டுக்குள் பார்த்துவிட்டுக் கேட்டான். “சேர், பழைய எஞ்சின். பெற்றரியக் கழட்டுவமா? ரெண்டு மூணு பொலித்தீன் பேக் இருந்தா டிஸ்ரிபியூட்டரயும் ஆல்டர்னேற்றரயும் மூடிட்டு அடிக்கலாம்.” எங்கள் பதில்: “மஃரிபுக்கு முன்ன முடியணும் மகன். மூடினா அதுக்குக் கீழ ஊத்த நிக்கும். நல்லா அடி, பளபளண்டு இருக்கணும்.” அவன் இன்னொரு தரமும் கேட்டான். பேக் வாங்கக் கடை தூரமில்லை, ரோட்டைக் கடந்தால் சரி. நாங்கள் போனில் குருநாகல்காரரோடு பேசிக்கொண்டிருந்தோம்.

எஞ்சின் பளபளவென்றுதான் வந்தது. வீட்டுக்கு வரும்போதே மூன்று சிலிண்டரில் ஓடுவதுபோல நடுங்கியது. கேற்றடியில் நின்றது. பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. இடது பக்க ஹெட்லைட் எழும்பி நின்றது, வலது படுத்திருந்தது. சுவிட்சை எத்தனை தரம் போட்டாலும் இடது இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதோடு நின்று படம் எடுத்தார்கள். அன்றிரவு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை குருநாகல்காரர் வந்தார், சாப்பிட்டார், உம்மாவின் வட்டிலப்பத்தைப் புகழ்ந்தார், ஸ்டார்ட் ஆகாத காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சூட்டில்தான் அசருக்குப் பிறகு அந்தப் பதிவு எழுதப்பட்டது.

பிறகு நாங்கள் வேலையில் இறங்கினோம். பழைய கார் வைத்திருக்கிற ஆட்களுக்குப் பிரயோசனப்படும் என்பதால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறோம்.

இந்த எஞ்சினில் பிளக் நான்கும் இரண்டு கேம் மூடிகளுக்கும் நடுவில், ஆழமான குழிக்குள் இருக்கும். பிளக் வயரின் ரப்பர்தான் குழிக்கு மூடி. வருசக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் விறைத்துப்போய், சுற்றிவர இடைவெளி விட்டிருந்தது. வயரை இழுத்ததும் டோர்ச் அடித்துப் பார்த்தோம். இரண்டு குழியில் தண்ணீர் பளபளத்தது. பிளக்குக்கு வருகிற மின்சாரம் 20,000 வோல்ற்றுக்கு மேல். அது பிளக்கின் நுனியில் பாய்வதற்குப் பதிலாகத் தண்ணீர் வழியாகச் சுவரில் இறங்கிவிடும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, எங்கள் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரும் சவர்க்கார நுரையும் நன்றாகக் கடத்தும். இங்கே ஒரு கவனம்: பிளக்கைக் கழற்ற முன்னர் குழியை ஊதிக் காயவைக்க வேண்டும். பிளக்கை முதலில் கழற்றினால் அந்தத் தண்ணீர் முழுக்க சிலிண்டருக்குள் விழும். ரயர் கடையில் கொம்பிரசர் இரவல் வாங்கினோம்.

அடுத்தது டிஸ்ரிபியூட்டர். கெப்பைத் திறந்தால் உள்ளே பனி பிடித்தமாதிரி ஈரம். துணியால் துடைத்து, உம்மாவின் ஹெயார் டிரையரால் காயவைத்தோம். டபிள்யூ.டி. 40 அடித்தோம். அதை எல்லோரும் எண்ணெய் என்று நினைக்கிறார்கள். 1953இல் அமெரிக்காவில் ஏவுகணையின் தகட்டைத் துருவிலிருந்து காக்கச் செய்தது. டபிள்யூ.டி. என்றால் தண்ணீரை விலக்குவது, 40 என்றால் நாற்பதாவது தரம் சரிவந்த கலவை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மற்றப் பாடத்தை மறந்தாலும் இதை மறப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்தக் காலத்து டொயோட்டாவுக்கு ஸ்கேனர் தேவையில்லை. பொனட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், அதில் டி.இ. 1, இ 1 என்ற இரண்டு துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் எஞ்சின் லைட் மின்னி மின்னிக் குறையைச் சொல்லும். எங்களுக்கு ஒரு மின்னல், இடைவெளி, இரண்டு மின்னல். அதாவது 12. எஞ்சின் சுற்றுகிறதா என்று கம்பியூட்டருக்குச் செய்தி வரவில்லை என்று அர்த்தம். அந்தச் செய்தி டிஸ்ரிபியூட்டரிலிருந்துதான் போகும். அதன் பக்கத்துக் கொனெக்டரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். அதையும் காயவைத்தோம். 12 போனது. எஞ்சின் நான்கு சிலிண்டரிலும் பிடித்தது. ஹெட்லைட்டின் ரிலேயும் காய்ந்ததும் தானாக வேலை செய்தது. (அவசரத்துக்கு அந்த மோட்டரின் அடியில் கையால் திருகுகிற ஒரு குமிழ் இருக்கிறது. முப்பது வருசமாக எங்களுக்குத் தெரியாது, வாப்பாவுக்குத் தெரியும், நாங்கள் கேட்கவில்லை.)

கழுவினதால் வந்த குறை அவ்வளவும் இரண்டு நாளில் போய்விட்டது. ஒரு சதம் செலவில்லை.

ஆனால் மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ‘ங்...ங்...’ என்று இழுத்துவிட்டு நின்றது. ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பிடிக்காது. பிடித்தாலும் லைட் மங்கி மங்கி எரியும். பெற்றரி புதியது, நான்கு மாதம். பழைய பெற்றரியில் இப்படித்தான் இழுக்கிறது என்றுதானே புதியது வாங்கினோம்! அப்போது அதை யோசிக்கவில்லை. தண்ணீர்தான் எங்கேயோ உள்ளே போய்விட்டது என்று முடிவு கட்டினோம். கொழும்பிலிருந்து பிளக் வயர் செற், டிஸ்ரிபியூட்டர் கெப், ரோட்டர், ஸ்டார்ட்டர் சுவிட்ச் எல்லாம் வரவழைத்தோம். 34,000 ரூபாய். ஒன்றிலும் சரிவரவில்லை. அந்தக் கணக்கையும் முதல் பதிவின் கீழே போட்டு, கழுவினவர்கள்தான் தர வேண்டும் என்று எழுதினோம்.

மல்ட்டிமீற்றர் எங்களிடம் இருந்தது. பெற்றரியின் மைனஸிலிருந்து எஞ்சின் வரைக்கும் தடையை அளந்தோம். 0.2 ஓம் காட்டியது. மீற்றரின் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலும் 0.2தான். அப்படியென்றால் ஏர்த் வயரில் தடை இல்லை, ஏர்த் சரி என்று தீர்ப்பு எழுதினோம். இதை எழுதும் கை சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பிக்கிற கை.

இதற்கிடையில் அந்தப் பொடியனை முதலாளி எஞ்சின் கழுவ விடவில்லை. பிறகு மெஷினையே தொட விடவில்லை. ஒருவர் தன்னுடைய விற்ஸ் காரின் சென்ரல் லொக் பழுதானதற்கும் அவனிடம் காசு கேட்டிருக்கிறார். எங்கள் பதிவைக் காட்டித்தான் கேட்டாராம். நாள் சம்பளத்துக்கு நிற்கிறவன். இரண்டு கிழமையில் அவன் மாமாவோடு தம்புள்ளைக்கு மரக்கறி லொறியில் போகத் தொடங்கிவிட்டான். வாப்பா பள்ளிவாசலில் இதைக் கேள்விப்பட்டு வந்து எங்களிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: “அவன் கழுவ முன்ன ஒண்டும் சொல்லல்லியா?” பேக் கேட்டான் என்று சொன்னோம். “அத ஏன் எழுதல்ல?” நாங்கள் பேசாமல் இருந்தோம். “சூறா ஹுஜுராத் ஆறாவது ஆயத்து, பிள்ளையளுக்கு விளக்கம் சொல்லுறதுதானே நீங்க” என்றுவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் கல்முனையிலிருந்து ஒரு வயரிங்காரரைக் கூட்டி வந்தோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும், தமிழர், வாப்பா அந்தக் காலத்தில் இவரிடம்தான் கொடுப்பாராம். முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. எங்களைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பெற்றரி மைனஸிலும் மற்றதை எஞ்சினிலும் பிடித்தார். ஓமில் இல்லை, வோல்ற்றில். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது மீற்றர் 2.5 காட்டியது.

“அரை வோல்ற்றுக்கு மேல வரக்கூடாது தம்பி. அந்த அக்சிலேட்டர் கேபிளத் தொட்டுப் பாருங்க.” தொட்டோம். சுட்டது. ஸ்டார்ட்டரின் மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழி கிடைக்காமல், கிடைத்த கம்பியிலெல்லாம் ஏறிப் போகிறது.

கணக்கு சின்னது. ஸ்டார்ட்டர் இழுப்பது ஏறத்தாழ 150 அம்பியர். 2.5 வோல்ற்றை 150ஆல் பிரித்தால் 0.017 ஓம். 0.2க்குக் கீழே பார்க்க முடியாத மீற்றரை வைத்துக்கொண்டு 0.017ஐத் தேடினோம். ஓடாத வயரின் தடையை அளப்பதும், பாரம் இழுக்கிற வயரில் எவ்வளவு வோல்ற்று விழுகிறது என்று அளப்பதும் இரண்டு வேலை. கல்வியியற் கல்லூரியில் பரிசோதனைப் புத்தகத்தில் வரைந்து கையெழுத்து வாங்கிய விசயம் இது.

அண்ணன் பெற்றரித் தட்டைக் கழற்றினார். மைனஸ் முனையிலிருந்து இரண்டு கேபிள் இறங்கும். ஒன்று பொடிக்கு, தடித்தது கியர்பொக்ஸுக்கு. தடித்த கேபிளின் நடுவில் கறுப்பு இன்சுலேசன் ரேப் சுற்றியிருந்தது. பிளேட்டால் கீறினார். உள்ளே பச்சைத் தூள். கேபிளின் இழைகள் எல்லாம் அறுந்திருந்தன. அறுந்த இரண்டு தலையையும் சேர்த்து முறுக்கியிருந்தது, வீட்டுக்கு வயரிங் பண்ணுகிற 7/029 வயர். அதன் மேலுறை உருகிப் பழுப்பாகியிருந்தது.

“இத ஆர் போட்டது?”

தம்பி தன் செருப்பைப் பார்த்தான்.

2022ஆம் ஆண்டு. பெற்றோல் வரிசையில் இரவு படுத்த காலம். பிறகு கியூ.ஆர். வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த நாட்களில் ஒரு காலையில் அந்தக் கேபிள் உப்பில் அரித்துப் பாதி இழை அறுந்து கிடந்தது. கல்முனைக்குப் போய்வரக்கூட எண்ணெயை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைக்கு வாங்கி வைத்த வயரில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. தம்பி முறுக்கினான், காக்கா டோர்ச் பிடித்தார். புதுக் கேபிள் பிறகு போடுவோம் என்றோம். ஸ்டார்ட் ஆனது. மறந்துவிட்டோம். ரேப்புக்குள் கடற்காற்றின் உப்பு இருந்து மிச்ச இழைகளையும் தின்றது. எண்ணெய்ச் சகதி அதை மேலால் மூடிப் பிடித்து வைத்திருந்தது. பொடியன் அடித்த தண்ணீர் சகதியைக் கழுவியது. அதைத்தானே நாங்கள் செய்யச் சொன்னோம். கடைசி இழைகள் அன்றைக்கோ அடுத்த நாளோ விட்டிருக்கின்றன. கழுவாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் இழுத்திருக்கும், அவ்வளவுதான் என்றார் அண்ணன். குருநாகல்காரரின் கையில் போய், அக்கரைப்பற்று ரோட்டிலோ கண்டி மலையிலோ இரவில் நின்றிருக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

புதுக் கேபிள் 2,800 ரூபாய். அண்ணன் கூலி 1,500. பொல்ற்றின் அடியைப் பளபளவென்று சுரண்டி, பூட்டி, மேலே கிறீஸ் பூசினார். மீற்றர் 0.2 வோல்ற்று. சாவியில் கை வைத்ததும் பிடித்தது. வாப்பா வாசலில் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, “எனக்குச் சொல்லி என்ன சேர், வாசிச்ச ஆக்களுக்குச் சொல்லுங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போன வெள்ளி பொடியன் ஊருக்கு வந்திருந்தான். ராத்திரி அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய உம்மா பிளேன்ரீ தந்தார், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. வகுப்பில் நாற்பது நிமிடம் பேசுகிறவர்களுக்கு அங்கே நான்கு வசனம் வரவில்லை. 7/029 வயரைப் பற்றிச் சொன்னோம். அவன் கொஞ்சம் சிரித்தான்.

“நான் பேக் கேட்டன்தானே சேர்.”

கேட்டாய், இரண்டு தரம் கேட்டாய் என்றோம்.

முதலாளி திரும்பக் கூப்பிடுகிறார், போவதா இல்லையா என்று அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. லொறியில் சம்பளம் கொஞ்சம் கூட, ஆனால் நித்திரை இல்லை என்கிறான். அவன் இழந்த இரண்டு கிழமைச் சம்பளத்தைக் கொடுத்தோம். வாங்கமாட்டேன் என்றான், அவன் உம்மா வாங்கச் சொன்னார். முதல் பதிவை இன்றைக்கு நீக்கிவிட்டோம். அதைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பகிருங்கள். விற்ஸ் காரின் சொந்தக்காரர் வாசித்தால் எங்களோடு ஒரு சொல் பேசவும். அந்த சென்ரல் லொக்கை அண்ணனிடம் காட்ட நாங்கள் தயார், செலவு எங்களுடையது. குருநாகல்காரருக்கும் எல்லாவற்றையும் சொல்லி எழுதினோம். இதுவரை பதில் இல்லை. கார் நிற்கிறது. வாப்பா காலையில் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு வருகிறார்.

கிளம்பும்போது பொடியன் கேற்றடி வரைக்கும் வந்தான். இதையெல்லாம் எழுதப்போகிறோம் என்றோம். பெயர் வேண்டாம் என்றான். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னதை அவன் சொன்னபடியே போடுகிறோம்:

“அப்ப இதயும் எழுதுங்க சேர். சூட்டோட எஞ்சினக் கொண்டு வரவேணாம், அரை மணித்தியாலம் ஆறட்டும். பெற்றரி மைனஸக் கழட்டச் சொல்லுங்க. பழைய கார் எண்டா மெஷின் வேணாம், பிரஷ்ஷும் கைத்தண்ணியும் போதும். கழுவி முடிய ஒரு நாள் பொனட்டத் திறந்து வெயில்ல விடணும், அண்டைக்கே ஓட்டக்கூடாது. மத்தது... கழுவுற பொடியன் பேக் கேட்டா, குடுக்கச் சொல்லுங்க.”